காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று: வா பெடலும் ஆட்டோ-வாவும்

குன்னூரில் கிட்டார் வாசிக்கிற பையன்கள் பெடல் (கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் செருகி சத்தத்தை மாற்றுகிற பெட்டி) வாங்குகிற வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான்: முதலில் டிஸ்டார்ஷன், அப்புறம் டிலே, அதற்கடுத்து சத்தத்தை “வா வா” என்று வாய் திறந்து மூட வைக்கிற வா. வா வரைக்கும் வந்த பிறகுதான் குழப்பம். கோயம்புத்தூருக்கு இறங்கிப் போனால் கடையில் காலால் மிதிக்கிற பெரிய பெடல் ஒன்றைக் காட்டுவார்கள், மிதிக்கவே வேண்டாத சின்னப் பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்து “இதுவும் அதேதான் தம்பி, காலை ஆட்டுகிற வேலை மிச்சம்” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. சத்தம் ஒரே குடும்பம்தான், ஆனால் வாசிக்கிற விதம் வேறு வேறு. ஒன்றில் முடிவெடுப்பது கால். இன்னொன்றில் முடிவெடுப்பது பிக் பிடித்திருக்கிற கை. இது தெரியாமல் வாங்கினால் கொஞ்ச நாளில் பெடல் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

முதலில் வா என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரே சுருதியில் “ஊ” என்று இழுத்து, மூச்சை விடாமல் மெதுவாக “ஆ” வரைக்கும் வாயைத் திறந்துகொண்டே போய்ப் பாருங்கள். சுருதி மாறவில்லை, தொண்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாய்க்குள் இருக்கிற இடத்தின் வடிவம் மாறியதால் அந்தச் சத்தத்தின் எந்தப் பகுதி தூக்கலாகக் கேட்கிறது என்பது மட்டும் மாறியது. கச்சேரியில் மோர்சிங் வாசிப்பவரைக் கவனித்திருந்தால் இன்னும் சுலபமாகப் புரியும். அந்த இரும்பின் நாக்கு அதிர்வது எப்போதும் ஒரே சுருதியில்தான், அவர் வாயையும் நாக்கையும் மாற்றி மாற்றி வைத்து அதற்குள்ளிருந்து வேறு வேறு சொற்கட்டை வெளியே கொண்டுவருகிறார். வா பெடல் செய்வதும் இதேதான். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தூக்கிவிட்டு மற்றதை அடக்குகிற ஃபில்டர் அது, அந்த இடத்தை மேலும் கீழும் நகர்த்துவது உங்கள் கால். குதிகாலை அழுத்தினால் “ஊ” பக்கம், விரலை அழுத்தினால் “ஆ”வையும் தாண்டி “ஈ” பக்கம்.

அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு இண்டக்டர், சில கேப்பாசிட்டர்கள், ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (இனிமேல் பாட் என்றே சொல்கிறேன், ஆம்பில் வால்யூமுக்குத் திருகுகிறோமே அதே சாமான்தான்). மிதிதட்டின் கீழே ஒரு பல் சட்டம் தொங்கும், அது இறங்கி ஏறும்போது ஒரு குட்டிப் பல் சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் பாட்டைத் திருப்பும். நம் ஊர் மலை ரயில் கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் பல் சட்டத்தைப் பிடித்து ஏறுகிறதே, அதே ஏற்பாடு, கைக்குள் அடங்குகிற அளவில். வழக்கமான சர்க்யூட்டில் இண்டக்டர் அரை ஹென்றி, அதோடு சேர்கிற கேப்பாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட். கணக்குப் போட்டால் சுமார் 2,250 ஹெர்ட்ஸ் வரும், பெடலை முழுக்க முன்னால் மிதித்தால் கிடைக்கிற உச்சம் அந்தப் பக்கம்தான். பின்னால் சாய்த்தால் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், இதில்தான் பலர் தடுக்கி விழுகிற விஷயம் ஒளிந்திருக்கிறது. கிட்டாரின் தடித்த ஈ கம்பி வெறுமனே மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், மெல்லிய ஈ கம்பி 330. ஆக, வா நடமாடுகிற இடம் பெரும்பாலும் நீங்கள் மீட்டுகிற ஸ்வரத்துக்கு மேலே, அதன் ஹார்மோனிக்ஸ் (ஸ்வரத்தோடு கூடவே ஒலிக்கிற மேல் அதிர்வெண்கள்) இருக்கிற இடம். அங்கே ஏதாவது இருந்தால்தான் ஃபில்டர் அதைத் தூக்கிக் காட்டும். கழுத்துப் பக்கத்து பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற காந்தக் கட்டை), டோன் முழுக்கக் குறைத்து, விரல் சதையால் மெதுவாக மீட்டினால் பெடலை எவ்வளவு ஆட்டினாலும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறி, பிக்கால் அடித்து, கொஞ்சம் ஓவர்டிரைவும் சேர்த்தால் அதே பெடல் உயிர் பெற்றுவிடும். “என் பெடல் சரியில்லை அண்ணா” என்று கொண்டுவருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது கிட்டாரின் டோன் குமிழைத்தான்.

இது பிறந்த கதையும் கேட்க நன்றாக இருக்கும். 1966-ல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியருக்குக் கொடுத்த வேலை செலவைக் குறைப்பது. வாக்ஸ் ஆம்பில் மிட் (நடு அதிர்வெண்) சத்தத்தைத் தூக்கிக் காட்ட ஒரு சுவிட்ச் இருந்தது, விலை கூடின சாமான். அதற்குப் பதிலாக ஒரு பாட் போட முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள். போட்டுத் திருகினால் சத்தம் வாயைத் திறந்து மூடியது. கையால் திருகிக்கொண்டிருந்தால் கிட்டாரை யார் வாசிப்பது? அங்கேயே கிடந்த வாக்ஸ் ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் அதை வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நிர்வாகத்துக்கு அது ஊதுகிற வாத்தியங்களுக்கான சமாச்சாரமாகத்தான் தெரிந்தது. டிரம்பெட்டின் வாயில் மூடியை வைத்து வைத்து எடுத்துப் பேர் வாங்கிய கிளைட் மெக்காய் பெயரிலேயே 1967-ல் வெளியிட்டார்கள், ஆரம்பகாலப் பெடல்களின் அடித்தட்டில் அவர் படமே இருக்கும். பிடித்துக்கொண்டது என்னவோ கிட்டார்காரர்கள். அதே வருடமே கிளாப்டனும் ஹெண்ட்ரிக்ஸும் ரெக்கார்டில் பயன்படுத்திவிட்டார்கள். இன்றைக்குக் கடையில் அதிகம் கண்ணில் படுகிற க்ரை பேபி அந்தப் பரம்பரைதான், 1982-லிருந்து டன்லப் கம்பெனியின் கையில் இருக்கிறது.

வாசிக்கிற விஷயத்துக்கு வருவோம். வா கிடைத்தவுடன் எல்லோரும் செய்வது தாளத்துக்குச் சரியாகக் காலை ஆட்டுவது, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று தையல் மிஷின் மிதிக்கிற கணக்கில். முதல் பாட்டுக்கு நன்றாக இருக்கும். இரண்டாவது பாட்டில் கேட்கிறவர்களுக்கு அலுத்துவிடும், மூன்றாவதில் டிரம்மர் முறைப்பார். நான் சொல்லிக்கொடுக்கிற முறை இதற்கு நேர் எதிர். முதலில் ஆட்டவே கூடாது. ஒரு நீண்ட ஸ்வரத்தை மீட்டி, குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். போகிற வழியில் சத்தம் திடீரென்று கண்ணைத் திறக்கிற ஓர் இடம் வரும், சரியாக எங்கே என்பது கிட்டாரையும் ஆம்பையும் பொறுத்தது. அந்த இடத்தில் காலை நிறுத்திவிட்டு ஒரு முழுப் பாட்டையும் வாசிக்க வேண்டும். இப்படிப் பாதியில் நிறுத்தி வைத்து வாசிப்பதற்கென்றே ரசிகர்கள் உண்டு. ராக் கிட்டாரிஸ்ட் மைக்கேல் ஷெங்கரின் லீடில் மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு அழுத்தமான மிட் கேட்கும், அது இந்த வித்தைதான். கால் நகர்வதே இல்லை, ஆனால் வா இல்லாமல் அந்தச் சத்தம் வராது.

நிறுத்தப் பழகிய பிறகு நகர்த்துவது தானாக ஒழுங்குக்கு வரும். லீட் வாசிக்கும்போது தாளத்தை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பின்தொடருங்கள். வாக்கியம் ஏறுகிற இடத்தில் திறந்து, முடிகிற இடத்தில் மூடினால் கேட்கிறவர்களுக்கு யாரோ பேசுகிற உணர்வு வரும். ரிதமுக்கு வேறு வழி: இடது கையால் கம்பிகளை லேசாக அமுக்கி ஊமையாக்கிவிட்டு, வலது கையில் பதினாறு பதினாறாக ஓட்டிக்கொண்டே காலை மட்டும் கால்பங்குத் தாளத்தில் திறந்து மூடினால் “சக்க வக்க சக்க வக்க” வந்துவிடும். 1971-ல் “ஷாஃப்ட்” படத்துக்கு ஐசக் ஹேஸ் போட்ட தலைப்பு இசையில் சார்லஸ் பிட்ஸ் வாசித்தது இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. நம் பக்கத்திலும் எழுபது, எண்பதுகளின் சினிமா டிஸ்கோப் பாட்டுகளைக் கேட்டால் பின்னால் ஓரமாக இது ஓடிக்கொண்டிருப்பது காதில் விழும்.

ஒரு சின்ன விஷயம், மலையில் இருப்பவர்களுக்கு மட்டும். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு வா வாசிக்காதீர்கள். கால் வழுக்கும், அதைவிட, பெடலின் முன்முனைக்கு அடியில் இருக்கிற ஆன் ஆஃப் சுவிட்ச் பல மாடல்களில் முரடு, சாக்ஸ் காலால் அழுத்தினால் ஆன் ஆனதா இல்லையா என்றே தெரியாது. குளிர்ந்தாலும் பரவாயில்லை, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டோ-வா. இந்தப் பெயரில் கடையில் இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள், பெட்டியின் மேல் இரண்டிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும். ஒன்று, நீங்கள் எப்படி வாசித்தாலும் கண்டுகொள்ளாமல் குறிப்பிட்ட வேகத்தில் தானாகத் திறந்து மூடிக்கொண்டே இருப்பது. உள்ளே எல்எஃப்ஓ என்கிற மெதுவான அலை ஒன்று ஃபில்டரை ஆட்டுகிறது. ட்ரெமோலோவோடு பழகியவர்களுக்கு உடனே புரியும், வேகம் பாட்டோடு ஒட்டாவிட்டால் எரிச்சல்தான். எனக்கு இதில் ஈடுபாடு இல்லை. இன்னொன்றுதான் விஷயமுள்ளது, என்வலப் ஃபில்டர் அல்லது டச் வா. இது நீங்கள் எவ்வளவு பலமாக மீட்டுகிறீர்கள் என்று அளக்கிறது. ஓங்கி அடித்தால் வாய் பெரிதாகத் திறக்கும், மெதுவாகத் தொட்டால் கொஞ்சமாகத் திறக்கும், சத்தம் தேய்கிறபோது கூடவே மூடும். கால் செய்த வேலை வலது கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில் ஒரு வருடச் சாதகம் இருக்கிறது.

இதன் மூதாதை மியூ-ட்ரான் 3. மைக் பைகல் என்பவர் கில்ட் கம்பெனிக்காக ஒரு சிந்தசைசர் வடிவமைத்துக்கொண்டிருந்தார், 1972-ல் அந்தக் கம்பெனியின் தலைவர் விமான விபத்தில் இறந்துபோக, திட்டமும் நின்றுபோனது. கையில் மிஞ்சிய சர்க்யூட்டில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, கிட்டார் செருகுகிற பெட்டியாக மியூசிட்ரானிக்ஸ் என்ற புதுக் கம்பெனியில் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே ஸ்டீவி வொண்டர் கிளாவினெட் கீபோர்டை அதன் வழியாக அனுப்பி ரெக்கார்ட் செய்தார். பாஸில் பூட்ஸி காலின்ஸ், கிட்டாரில் ஜெர்ரி கார்சியா என்று அதற்கப்புறம் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். பைகலே பிற்பாடு எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸுக்காக க்யூ-ட்ரான் என்று ஒன்றைச் செய்து கொடுத்தார். பழைய மியூ-ட்ரான் விலைக்கு ஆசைப்பட வேண்டாம், க்யூ-ட்ரான் குடும்பம் அந்தச் சத்தத்துக்கு நெருக்கமான வழி.

என்வலப் ஃபில்டரில் குமிழ்கள் அதிகமாக இருந்தாலும் உயிர்நாடி ஒன்றுதான்: சென்சிட்டிவிட்டி. அதிகம் வைத்தால் தொட்டதற்கெல்லாம் முழுக்கத் திறந்து எல்லா ஸ்வரமும் ஒரே “க்வாக்” ஆகிவிடும், குறைத்து வைத்தால் திறக்கவே திறக்காது. சாதாரணமாக வாசிக்கும்போது பாதி திறந்து, ஓங்கி அடிக்கும்போது மட்டும் முழுக்கத் திறக்கிற இடத்தில் வையுங்கள். ஹம்பக்கர் கிட்டாரிலிருந்து சிங்கிள் காயிலுக்கு மாறினால் திரும்ப வைக்க வேண்டும், இரண்டும் வேறு வகைப் பிக்கப், சிக்னல் பலம் வேறு. கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் அதே கதை, அதை வேண்டுமென்றே செய்வதும் ஒரு நல்ல உத்தி. பீக் குமிழ் எவ்வளவு கூர்மையாகக் கத்த வேண்டும் என்பதற்கு. அப் டவுன் சுவிட்ச் இருந்தால் டவுனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அடித்தவுடன் மூடி மெதுவாகத் திறக்கும், கிட்டாரைவிட பாஸுக்கு ரொம்பப் பொருத்தம்.

டிசம்பரில் ஊட்டியில் திறந்தவெளியில் வாசித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மதியம் சவுண்ட் செக்கில் சரியாக வைத்த சென்சிட்டிவிட்டி ராத்திரி எட்டு மணிக்கு வேலை செய்யாது. பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, குளிரில் விரல் விறைத்துப்போய் அடி சீராக விழுவதில்லை, ஒன்று மெலிந்து விழுகிறது இல்லையென்றால் ஓங்கி விழுகிறது, பெட்டி அதை அப்படியே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. மிதிக்கிற வாவில் இந்தத் தொல்லை இல்லை. உறைபனி மாதங்களில் வெளி நிகழ்ச்சி என்றால் நான் கால் பெடலைத்தான் எடுத்துப்போவேன்.

செருகுகிற வரிசையில் இரண்டும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் வாவை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் போட்டால் தப்பில்லை, சத்தம் இன்னும் முரட்டுத்தனமாக, சிந்தசைசர் சாயலில் வரும், சில பாட்டுக்கு அதுதான் வேண்டும். என்வலப் ஃபில்டருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. டிஸ்டார்ஷனும் கம்ப்ரஸரும் பலமான அடியையும் மெலிதான அடியையும் ஒரே மட்டத்துக்குத் தட்டிவிடுகின்றன, அதற்கப்புறம் வருகிற ஃபில்டர் எதை அளக்கும்? கிட்டாரிலிருந்து நேராக அதற்குள் போகட்டும். இன்னொரு பொறி: பழைய பாணி ஃபஸ் பெடலை (இதுவும் ஒரு வகை டிஸ்டார்ஷன்தான்) வாவுக்கு உடனே பின்னால் வைத்தால் வாவின் வீச்சு செத்துப்போகும், ஃபஸ்ஸின் உள்நுழைவு மின்தடை குறைவு, அது வாவின் சர்க்யூட்டை இழுத்துப் பிடிக்கிறது. நடுவில் ஒரு பஃபர் (இரண்டு சர்க்யூட்டையும் ஒன்றையொன்று இழுக்காமல் பிரித்து வைக்கிற பெட்டி) வைத்தால் தீரும்.

அப்புறம் பனிமூட்டமும் மழையும். தென்மேற்குப் பருவம் ஓய்ந்து வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் குன்னூர்ப் பக்கம் எதுவுமே காய்வதில்லை, கிட்டார் பெட்டிக்குள் பூஞ்சை, கம்பியில் துரு. வா பெடலுக்கு ஈரம் புகுகிற இடம் அந்தப் பாட். மிதிக்கும்போது “கரகர” என்று கேட்டால் அதுதான். மின்சாதனத்துக்கென்று விற்கிற கான்டாக்ட் கிளீனரை உள்ளே கொஞ்சம் அடித்து, பெடலை முன்னும் பின்னுமாக நன்றாக ஆட்டினால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் பாட்டையே மாற்ற வேண்டும். வீட்டில் இருக்கிற எண்ணெயையோ துரு நீக்குகிற ஸ்பிரேயையோ அடிக்க வேண்டாம், பிசுக்குப் பிடித்துத் தூசி சேரும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு மார்லி பெடல்கள் இருக்கின்றன. அவற்றில் பல் சட்டமும் இல்லை, பாட்டும் இல்லை, மிதிதட்டு ஒரு விளக்கின் வெளிச்சத்தை மறைத்து விடுவதை ஒளி உணரி ஒன்று படிக்கிறது. கூடு கொஞ்சம் பெரிது, சத்தமும் க்ரை பேபியிலிருந்து கொஞ்சம் வேறு, ஆனால் ஈரத்தில் கரகரப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால்? நின்றுகொண்டு லீட் வாசிப்பவர் கால் வா வாங்கட்டும். உட்கார்ந்து ஃபங்க் ரிதம் வாசிப்பவர், பாஸ் வாசிப்பவர், பாடிக்கொண்டே வாசிப்பவர் என்வலப் ஃபில்டர் பக்கம் போகலாம், மைக்குக்கு முன்னால் நின்று ஒரு காலை ஆட்டிக்கொண்டு பாடுவது எல்லோருக்கும் வராது. பாஸ்காரர்கள் மட்டும் சுத்தமான சத்தத்தையும் கலந்து வைக்கிற பிளெண்ட் குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அடிச்சத்தம் காணாமல் போகும். எது என்று தெரியவில்லை என்றால் மிதிதட்டோடு வருகிற மல்டி-எஃபெக்ட்ஸ் யாரிடமாவது இருக்கும், அதில் இரண்டும் உண்டு, இரவல் வாங்கி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். பழையதாக வாங்குவதென்றால் ஆம்போடு செருகி, மீட்டாமல் வெறும் பெடலை மட்டும் மிதித்துக் காது கொடுங்கள்; கரகரப்பு விலை பேச உதவும். மிதிதட்டு நிறுத்தின இடத்தில் நிற்கிறதா, தானாக விழுகிறதா என்று பாருங்கள். தானாக விழுந்தால் பெரும்பாலும் அச்சில் இருக்கிற நட்டைக் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும், விற்கிறவரிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அடாப்டர் பெரும்பாலும் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இருந்தாலும் பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். பேட்டரியில் ஓட்டினால் வாசித்து முடித்ததும் கிட்டார் கேபிளைப் பெடலிலிருந்து உருவிவிட வேண்டும், செருகியிருக்கும் வரைக்கும் பேட்டரி செலவாகிக்கொண்டேதான் இருக்கும்.